சீட்டில் உள்ள எண்ணும் காட்டில் உள்ள குளிரும்

பெங்களூருவில் வசிப்பவர்களுக்குக் குளிர் புதிதன்று. கடல் மட்டத்திலிருந்து சுமார் 920 மீட்டர் உயரத்தில் அமைந்த நகரம் இது. 1884ஆம் ஆண்டு ஜனவரி 13ஆம் நாள் இங்கு வெப்பநிலை 7.8 டிகிரி செல்சியசுக்கு இறங்கியது என்பது வானிலைப் பதிவேடுகளில் இன்றும் நிற்கும் செய்தி. ஆயினும் நம் இல்லங்களில் சுவர் இருக்கிறது, கட்டில் இருக்கிறது, மெத்தை இருக்கிறது. இவை மூன்றும் இல்லாத ஓர் இரவில் குளிர் எவ்வாறு நடந்துகொள்ளும் என்பதை எங்கள் கிளையைச் சேர்ந்த எட்டுப் பேர் சில ஆண்டுகளுக்கு முன் ஒரு ஜனவரி மாதத்தில் அறிந்துகொண்டோம்.

சிக்கமகளூரு அருகே, பாபா புடன் மலைத்தொடரின் அடிவாரத்தில் ஒரு காப்பித் தோட்டம். உரிமையாளரின் அனுமதியுடன், நிழலுக்காக வளர்க்கப்பட்ட சில்வர் ஓக் மரங்களுக்கிடையே தொங்கு படுக்கைகளைக் கட்டினோம். இன்றைய இளைஞர்கள் ‘ஹேமக்’ என்று அழைக்கும் அந்த நைலான் படுக்கை நமக்கு அந்நியமானது அல்ல. நாம் அனைவரும் பிறந்த சில மாதங்களைத் தூளியில் கழித்தவர்கள்தாமே! ஒவ்வொருவரிடமும் ஒரு உறங்குபை இருந்தது. அதாவது, கழுத்து வரை ஜிப் போட்டு மூடிக்கொள்ளும் ஸ்லீப்பிங் பேக். அவற்றின் உறையில் ‘10 டிகிரி’ என்று பெரிய எழுத்தில் அச்சிடப்பட்டிருந்தது. கைப்பேசியில் பார்த்தபோது அன்றிரவு குறைந்தபட்ச வெப்பநிலை 12 டிகிரியாக இருக்கும் எனத் தெரிந்தது. “இரண்டு டிகிரி மிச்சம் இருக்கிறது, மேடம். கவலையே வேண்டாம்” என்று எங்கள் இளைய அலுவலர் ஒருவர் தலைமைக் காசாளருக்கு உறுதி கூறினார். ஓய்வு பெற இரண்டே ஆண்டுகள் இருந்த அந்த அம்மையார், வாழ்நாளில் ஒரு முறையேனும் விண்மீன்களின் கீழ் உறங்க வேண்டும் என்ற ஆசையுடன் எங்களோடு வந்திருந்தார்.

நள்ளிரவு கடந்து இரண்டு மணிக்கு அவர் எங்களை அழைத்தார். பற்கள் கிட்டிக்கொண்டிருந்தன. உறங்குபையின் ஜிப்பைத் திறக்க அவருடைய விரல்கள் ஒத்துழைக்கவில்லை. மரத்தில் தொங்கவிட்டிருந்த வெப்பமானி சரியாக 12 டிகிரி காட்டியது. அவரைத் தோட்ட வீட்டுக்குள் அழைத்துச் சென்று, கம்பளியால் போர்த்தி, சர்க்கரை மிகுதியாகச் சேர்த்த சூடான காப்பி கொடுத்தோம். அரை மணி நேரத்தில் நடுக்கம் அடங்கியது. எவருக்கும் தீங்கு நேரவில்லை. ஆனால் ஒரு கேள்வி எஞ்சியது. 10 டிகிரிக்கு உரிய பை, 12 டிகிரியில் ஏன் கைவிட்டது?

ஒரு சீட்டு, மூன்று எண்கள்

மறுநாள் காலை அந்தப் பையின் உட்புறம் தைக்கப்பட்டிருந்த சிறு சீட்டைப் படித்தோம். அதில் மூன்று எண்கள் இருந்தன: 14, 10, மைனஸ் 1. உறையின் மேல் பெரிதாக அச்சிடப்பட்டிருந்தது நடு எண் மட்டுமே.

இந்த மூன்று எண்களுக்கும் பின்னால் ஒரு முறையான சோதனை உள்ளது. ஐரோப்பிய நாடுகள் 2002ஆம் ஆண்டில் ஈஎன் 13537 என்ற தரநிலையை வகுத்தன. பின்னர் அது ஐஎஸ்ஓ 23537 என்ற பன்னாட்டுத் தரநிலையாக உருவெடுத்தது. சோதனைக்கூடத்தில், மனித உடலைப் போலவே சூடேற்றப்பட்ட ஒரு பொம்மைக்கு உள்ளாடையும் காலுறையும் அணிவித்து, உறங்குபைக்குள் படுக்க வைப்பார்கள். குளிரூட்டப்பட்ட அறையில் அந்தப் பொம்மையின் வெப்பத்தை நிலையாக வைத்திருக்க எவ்வளவு மின்சாரம் தேவைப்படுகிறது என்று அளப்பார்கள். அதிலிருந்து மூன்று எண்களைக் கணக்கிடுவார்கள்.

முதலாவது ‘கம்ஃபர்ட்’ எனப்படும் சுகநிலை எண். சராசரி உடலமைப்புள்ள ஒரு பெண், உடலைத் தளர்த்திப் படுத்த நிலையில், குளிர் உணராமல் உறங்கக்கூடிய வெப்பநிலை இது. இரண்டாவது ‘லிமிட்’ எனப்படும் எல்லை எண். சராசரி உடலமைப்புள்ள ஓர் ஆண், உடலைக் குறுக்கிச் சுருண்டு படுத்த நிலையில், நடுங்கத் தொடங்குவதற்குச் சற்று முன்பு வரை தாங்கக்கூடிய வெப்பநிலை இது. மூன்றாவது ‘எக்ஸ்ட்ரீம்’ எனப்படும் உச்ச எண். இதில் உறக்கம் என்ற பேச்சுக்கே இடமில்லை. உடல் வெப்பம் ஆபத்தான அளவுக்குக் குறையும் வாய்ப்புடன், சில மணி நேரம் உயிர் பிழைத்திருக்கலாம் என்பதே அதன் பொருள்.

ஆக, எங்கள் தலைமைக் காசாளருக்கு உரிய எண் 14. இளம் ஆண் ஒருவருக்குரிய எண்ணை, அறுபதை நெருங்கும் பெண்மணி ஒருவருக்கு நாங்கள் பொருத்திப் பார்த்துவிட்டோம். இரண்டு டிகிரி மிச்சம் என்று எண்ணிய இடத்தில் உண்மையில் இரண்டு டிகிரி பற்றாக்குறை இருந்தது.

வங்கித் துறையில் பணியாற்றும் எங்களுக்கு இது நாண வேண்டிய பிழை. விளம்பரத்தில் பெரிதாகத் தெரியும் வட்டி விகிதத்தை மட்டும் பார்த்துக் கடன் பெறாதீர்கள், கட்டணங்கள் அனைத்தையும் உள்ளடக்கிய ஆண்டு விகிதத்தைப் பாருங்கள் என்று நாள்தோறும் வாடிக்கையாளர்களிடம் சொல்கிறோம். 2024 அக்டோபர் 1 முதல் சில்லறைக் கடன்களுக்கும் சிறு, குறு, நடுத்தரத் தொழில் கடன்களுக்கும் முக்கிய விவர அறிக்கை வழங்கப்பட வேண்டும் என்று ரிசர்வ் வங்கி பணித்திருப்பதும் இதற்காகவே. உறங்குபையின் உள்ளே தைக்கப்பட்டிருக்கும் சிறு சீட்டுதான் அதன் முக்கிய விவர அறிக்கை. அதைப் படிக்காமல் உறையை மட்டும் படித்தோம்.

கீழேயிருந்து வரும் குளிர்

ஆனால் கணக்கு இத்துடன் முடியவில்லை. எங்களில் இளைஞர்களும் அன்றிரவு உறங்கவில்லை. அவர்களுக்கு 10 என்ற எண் பொருந்த வேண்டுமல்லவா? அனைவரும் ஒரே குறையைச் சொன்னார்கள்: மார்பும் வயிறும் வெதுவெதுப்பாக இருந்தன, முதுகும் இடுப்பும் பனிக்கட்டியாகக் குளிர்ந்தன.

காரணம் எளியது. சோதனைக்கூடத்தில் அந்தப் பொம்மை தொங்கு படுக்கையில் கிடப்பதில்லை. பலகையின் மேல் விரிக்கப்பட்ட, வெப்பம் காக்கும் விரிப்பின் மீதுதான் கிடக்கிறது. சீட்டில் உள்ள மூன்று எண்களும் அந்த விரிப்பையும் சேர்த்துக் கணக்கிடப்பட்டவை. அது இல்லாத இடத்தில் அந்த எண்கள் செல்லாது.

உறங்குபையை வெதுவெதுப்பாக வைத்திருப்பது அதன் துணியோ பஞ்சோ அன்று. பஞ்சின் இழைகளுக்கிடையே அசையாமல் சிறைப்பட்டிருக்கும் காற்றுதான் வெப்பத்தைக் காக்கிறது. நாம் படுக்கும்போது உடலின் எடை அடிப்பகுதிப் பஞ்சை நசுக்கிவிடுகிறது. காற்று வெளியேறுகிறது, காப்பும் அதனுடன் போய்விடுகிறது. தரையில் படுத்தால் விரிப்பு அந்தக் குறையை ஈடுசெய்யும். தொங்கு படுக்கையிலோ அடியில் இருப்பது மெல்லிய நைலான் துணி, அதற்குக் கீழே ஓயாமல் நகரும் காற்று. வெயில் காலத்தில் தொங்கு படுக்கையை இனிமையாக்கும் அதே காற்றோட்டம் குளிர்காலத்தில் பகையாகிறது.

இதை வரவு செலவுக் கணக்காகவே எழுதிப் பார்க்கலாம். உறங்கும் மனித உடல் ஒரு சதுர மீட்டர் பரப்புக்குச் சுமார் 40 வாட் வெப்பத்தை உண்டாக்குகிறது. வளர்ந்த ஒருவரின் உடற்பரப்பு சுமார் 1.7 முதல் 1.8 சதுர மீட்டர். ஆக, இரவு முழுவதும் நம் உடலின் மொத்த வெப்ப வரவு ஏறக்குறைய 70 வாட். பழைய காலத்துக் குண்டு பல்பு ஒன்று உமிழும் அளவுதான்.

இனிச் செலவைப் பார்ப்போம். முதுகுப்புறத்தில் 0.4 சதுர மீட்டர் பரப்பு நைலான் துணியின் மேல் அழுந்திக் கிடப்பதாகக் கொள்வோம். தோலின் வெப்பம் 32 டிகிரி, வெளிக்காற்று 12 டிகிரி, வேறுபாடு 20 டிகிரி. இடையில் காப்பு ஏதும் இல்லையெனில், துணியை ஒட்டியுள்ள மெல்லிய காற்றுப் படலம் மட்டுமே தடை. அதன் மதிப்பு சுமார் 0.12 என்ற அளவு. பெருக்கி வகுத்தால் முதுகின் வழியாக மட்டும் ஏறக்குறைய 67 வாட் வெளியேறும் நிலை. மொத்த வரவும் ஒரே செலவினத்தில் கரைந்துபோகிறது! இது தோராயக் கணக்குதான். நசுங்கிய பஞ்சும் சிறிதளவு தடுக்கும், தோலும் குளிர்ந்து இழப்பைக் குறைக்கும். எனினும், காற்று சற்றே வீசினாலும் செலவு மீண்டும் கூடும் என்பதால், திசை எது என்பது தெளிவு.

இதே இடத்தில் நல்ல அடிக்காப்பு ஒன்று இருந்து, மொத்தத் தடை 0.9 ஆக உயர்ந்தால் இழப்பு 9 வாட்டாகச் சுருங்கிவிடும். மேலே இன்னொரு போர்வை போடுவதைவிடக் கீழே ஒன்று கட்டுவது ஏன் சிறந்தது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

ஒரு கம்பளி கற்றுத்தந்த பாடம்

இந்தக் கணக்கெல்லாம் எங்களுக்குப் பின்னர்தான் தெரிந்தது. அன்றிரவே விடை சொன்னவர் தோட்டத்து மேற்பார்வையாளர். எங்கள் கூச்சல் கேட்டு விளக்குடன் வந்தவர், “மேலே எத்தனை போர்த்தி என்ன பயன்? காற்று கீழேயல்லவா ஓடுகிறது” என்றார். பிறகு ஒரு பழைய கம்பளியை இரண்டாக மடித்து, தொங்கு படுக்கைக்கு வெளியே, அடிப்புறத்தை ஒட்டித் தொங்குமாறு இரு முனைகளிலும் கயிற்றால் கட்டினார். கர்நாடகத்தின் குருபர் இன மக்கள் தக்காண ஆடுகளின் உரோமத்தில் நெய்யும் கனத்த கறுப்புக் கம்பளி அது. அதில் படுத்தவர் விடியும் வரை எழவில்லை.

அவர் செய்துகாட்டியதைத்தான் இன்று ‘அண்டர்குவில்ட்’ என்ற பெயரில் விற்கிறார்கள். தமிழில் அடிப்போர்வை எனலாம். இது படுக்கைக்கு வெளியே தொங்குவதால் உடலின் எடை அதை நசுக்குவதில்லை, உள்ளே சிறைப்பட்ட காற்று அப்படியே நிற்கிறது. இதைக் கட்டுவதில் ஒரு நுட்பம் உண்டு. தளர்வாகக் கட்டினால் படுக்கைக்கும் போர்வைக்கும் இடையே குளிர்காற்று புகும். இறுக்கிக் கட்டினால் பஞ்சு நசுங்கும். படுத்த நிலையில் முதுகை மென்மையாகத் தொட்டுக்கொண்டிருக்கும் அளவே சரியானது. படுத்துக்கொண்டு, நண்பர் ஒருவரைக் கீழே கைவிட்டுப் பார்க்கச் சொன்னால் இடைவெளி இருப்பது தெரிந்துவிடும்.

அடிப்போர்வை இல்லாதவர்கள் தரை விரிப்பையே தொங்கு படுக்கைக்குள் போட்டுக்கொள்ளலாம். மலிவான வழி இதுவே. விரிப்புகளின் காப்புத் திறன் ‘ஆர் மதிப்பு’ என்ற எண்ணால் குறிக்கப்படும். எண் கூடக் கூடக் காப்பும் கூடும். இரண்டு விரிப்புகளை ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டால் இரு எண்களையும் கூட்டிக்கொள்ளலாம். ஆனால் விரிப்பு குறுகலானது. தொங்கு படுக்கை உடலின் இருபுறமும் வளைந்து எழுவதால் தோள்கள் விரிப்புக்கு வெளியே நின்று குளிரும். புரளும்போது விரிப்பு நழுவவும் செய்யும்.

அடிப்போர்வைகளின் மேல் அச்சிடப்படும் வெப்பநிலை எண் குறித்து ஒன்றை நினைவில் கொள்ள வேண்டும். உறங்குபைக்கு உள்ள தரநிலை, தொங்கு படுக்கையின் அடிப்போர்வைக்கு வகுக்கப்பட்டதன்று. பெரும்பாலும் தயாரிப்பாளர் தம் அனுபவத்தைக் கொண்டு தாமே அறிவிக்கும் எண் அது. ஒருவரின் 5 டிகிரியும் மற்றொருவரின் 5 டிகிரியும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. எனவே எதிர்பார்க்கும் குளிரைவிட ஐந்து டிகிரியேனும் கூடுதல் பாதுகாப்பு உள்ளதை வாங்குவது நலம். குழந்தைகளுக்கான உறங்குபைகளும் மேற்சொன்ன தரநிலைக்குள் வருவதில்லை. பெரியவர்களின் எண்ணைக் கொண்டு குழந்தைகளுக்குக் கணக்கிடலாகாது.

செல்லும் இடத்தின் குளிரைக் கணிப்பது எப்படி?

கைப்பேசி காட்டும் வெப்பநிலை பெரும்பாலும் அருகிலுள்ள ஊருக்கு உரியது. மலைக்கு மேலே நிலை வேறு. பொதுவாக ஒவ்வொரு 1,000 மீட்டர் உயரத்துக்கும் சுமார் 6.5 டிகிரி குறையும் என்று கொள்ளலாம். பெங்களூருவில் ஒரு ஜனவரி இரவில் 15 டிகிரி இருப்பதாக வைத்துக்கொள்வோம். 1,478 மீட்டர் உயரமுள்ள நந்தி மலையில் அது 11 டிகிரியை ஒட்டி இருக்கும். 1,900 மீட்டரைத் தாண்டும் முள்ளையனகிரியில் 8 அல்லது 9. நீலகிரியில் 2,637 மீட்டர் உயரமுள்ள தொட்டபெட்டாவில் 4 டிகிரி அளவுக்கு இறங்கும்.

இது முதல் கணக்கு மட்டுமே. மேகமற்ற, காற்றில்லாத இரவில் நிலம் தன் வெப்பத்தை வானுக்கு விரைவாக இழக்கிறது. குளிர்ந்த காற்று கனமானது. எனவே அது நீரைப் போலச் சரிவில் வழிந்து பள்ளத்தில் தேங்குகிறது. உதகமண்டலத்தில் டிசம்பர், ஜனவரி மாதங்களில் உறைபனி குன்றின் உச்சியைவிடத் தாழ்வான புல்வெளிகளில் மிகுதியாகப் படிவது இதனால்தான். ஓடைக்கரைப் பள்ளம் அழகாகத் தோன்றும், ஆனால் இரவில் அதுவே மிகக் குளிர்ந்த இடம். உச்சியிலோ காற்று வீசும். இரண்டுக்கும் நடுவே, காற்று மறைவான சரிவில் படுக்கை கட்டுவதே உகந்தது. மேலே ஒரு தார்ப்பாய்க் கூரையைத் தாழ்வாகக் கட்டினால் பனியும் காற்றும் தணியும்.

ஈரப்பதத்தையும் கணக்கில் கொள்ள வேண்டும். வாத்து, அன்னம் ஆகியவற்றின் மென்தூவி நிரப்பிய பைகள் எடை குறைந்தவை, மிகுந்த வெதுவெதுப்பு தருபவை. ஆனால் நனைந்தால் தூவி ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு காப்பை இழந்துவிடும். மூடுபனியும் தூறலும் மிகுந்த மேற்குத் தொடர்ச்சி மலைகளுக்குச் செயற்கை இழை நிரப்பிய பையே நம்பத்தக்கது. வறண்ட குளிர் நிலவும் இமயமலைப் பகுதிகளுக்குத் தூவிப் பை சிறந்தது.

நடுக்கம் ஓர் எச்சரிக்கை

குளிரை வெறும் அசௌகரியமாகக் கருதிவிடக் கூடாது. உடலின் உள்வெப்பம் 35 டிகிரிக்குக் கீழே இறங்கினால் அது மருத்துவ அவசர நிலை. நடுக்கம், விரல்கள் கட்டுக்கடங்காமை, பேச்சுக் குழறல், தடுமாற்றம், தூக்கக் கலக்கம் என்று அது வளரும். நடுங்கிக்கொண்டிருந்தவர் வெதுவெதுப்படையாமலேயே நடுக்கம் நின்றுவிட்டால் நிலைமை மோசமாகிவிட்டது என்று பொருள். ஈர உடையை மாற்றி, தரையிலிருந்தும் காற்றிலிருந்தும் காத்து, முழு நினைவுடன் இருந்தால் இனிப்பான சூடான பானம் கொடுத்து, உடனே மருத்துவ உதவி நாட வேண்டும். கை கால்களை அழுத்தித் தேய்த்தல் கூடாது. மது அறவே கூடாது. மது தோலின் இரத்த நாளங்களை விரித்துச் சூடேறியது போன்ற உணர்வைத் தரும், உண்மையில் உடலின் வெப்பத்தை வெளியே கொட்டிவிடும்.

குளிருக்கு அஞ்சிக் காட்டில் தீ மூட்டுவதும் வழியன்று. உலர்ந்த புல்வெளியில் தீ எவ்வளவு விரைவாகப் பரவும் என்பதை 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணியில் நேர்ந்த துயரம் நமக்கு உணர்த்தியது. வனப்பகுதிகளில் நடைப்பயணம் செல்ல வனத்துறையின் அனுமதி வேண்டும். இரவு தங்க இசைவில்லாத இடங்கள் பல. தொங்கு படுக்கையில் உறங்க விரும்புவோர் அனுமதி பெற்ற முகாம்களையோ தனியார் தோட்டங்களையோ நாடுவதே முறை.

வாங்கும் முன் ஒரு நிமிடம்

உறையில் உள்ள எண்ணை விடுத்து உள்ளே உள்ள சீட்டைப் படியுங்கள். ஆணாயினும் பெண்ணாயினும் சுகநிலை எண்ணையே அடிப்படையாகக் கொள்ளுங்கள். வயதானவர்களும் எளிதில் குளிர் தாக்குபவர்களும் அதற்கு மேலும் சில டிகிரி கூட்டிக்கொள்ளுங்கள். சீட்டே இல்லாத பையின் எண்ணை நம்பாதீர்கள்.

முதல் பயணத்துக்கே எல்லாவற்றையும் விலை கொடுத்து வாங்க வேண்டியதில்லை. பெங்களூருவில் இவை வாடகைக்குக் கிடைக்கின்றன. ஓரிரு முறை பயன்படுத்திப் பார்த்துத் தேவை உறுதியான பின் வாங்கலாம். வாங்குவதானால், மேற்போர்வைக்குச் செலவிடும் அதே கவனத்தை அடிப்போர்வைக்கும் செலுத்துங்கள். முதல் இரவை வீட்டு மொட்டை மாடியிலோ தோட்டத்திலோ கழித்துப் பாருங்கள். குளிர்ந்தால் எழுந்து உள்ளே வந்துவிடலாம். பயணக் காப்பீடு எடுத்திருந்தால், மலையேற்றம் அதில் அடங்குமா, எந்த உயரம் வரை என்பதையும் ஆவணத்தில் பார்த்துக்கொள்ளுங்கள்.

உறங்கும் முன் நன்றாக உண்ணுங்கள். உணவே உடலின் வெப்ப வரவு. உலர்ந்த காலுறையும் குல்லாவும் அணியுங்கள். வெந்நீர் நிரப்பிய, கசியாத புட்டியைக் காலடியில் வைத்துக்கொள்ளலாம். பைக்குள் முகத்தைப் புதைத்து மூச்சு விடாதீர்கள், மூச்சின் ஈரம் பஞ்சை நனைத்துவிடும். வீடு திரும்பியதும் பையை நன்கு உலர்த்தி, சுருட்டி அடைக்காமல் தளர்வாக வையுங்கள். ஆண்டுக்கணக்கில் நசுங்கிக் கிடக்கும் பஞ்சு பழைய நிலைக்கு மீளாது.

எங்கள் தலைமைக் காசாளர் பணி ஓய்வு பெற்ற ஆண்டின் டிசம்பரில், அதே தோட்டத்துக்கு மீண்டும் சென்றோம். இம்முறை சீட்டைப் படித்து, 5 டிகிரி சுகநிலை எண் கொண்ட பையைத் தேர்ந்தெடுத்தவர் அவரே. அடிப்போர்வையைக் கட்டி, கீழே கைவிட்டு இடைவெளி பார்த்தது நாங்கள். அன்றிரவு வெப்பமானி 11 டிகிரி காட்டியது. காலை ஆறரை மணிக்குக் காப்பியுடன் அவரை எழுப்பச் சென்றபோது, “இன்னும் அரை மணி நேரம் கழித்து வாருங்கள்” என்றார்.